தேசபக்தியும் பாவ அறிக்கையும்: எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய ஒரு ஜெபப் பாட்டைக் குறித்து

ஆகஸ்ட் 15ஆம் நாளை அடுத்து வரும் ஞாயிறு வழிபாட்டில் எந்தப் பாட்டைப் பாடுவது என்னும் கேள்வி, ஓசூர், கிருஷ்ணகிரி பகுதிகளில் ஊழியம் செய்யும் ஆயர்களாகிய நம்முன் ஆண்டுதோறும் வந்து நிற்கிறது. இக்கேள்வி சிறியதன்று. எல்லைப்புறத்தில் உள்ள நம் சபைகளில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் ஒரே பந்தியில் அமர்கின்றனர். தெற்கு மாவட்டங்களிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர், இரவு முறை முடித்து உறங்காமல் ஆராதனைக்கு வருகிறவர், விடுதிகளில் தங்கி மின்னணுப் பொருள் ஆலைகளில் உழைக்கும் இளம்பெண்கள் எனப் பலரும் கூடுகின்றனர். இவர்கள் அனைவருக்கும் பொதுவான ஒரு தேசப் பாட்டு எது? பெரும்பாலும் நாம் எளிய வழியைத் தெரிந்துகொள்கிறோம். நன்றி கூறும் ஒரு கீர்த்தனை, நாட்டுக்காக ஒரு ஜெபம், கொடியேற்றம், நாட்டுப்பண், பிறகு மிட்டாய். இவற்றில் பிழை யாதொன்றும் இல்லை. ஆயினும் நாட்டின் பாவத்தை நாட்டோடு சேர்ந்து அறிக்கையிடும் பாட்டு ஒன்றும் அந்த ஒழுங்கில் இடம்பெறுவதில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. கிருஷ்ணகிரியில் லுத்தரன் அருட்பணி 1895ஆம் ஆண்டில் மிசூரி சினாடு மிஷனரிமாரால் தொடங்கப்பெற்றது. நம் பகுதியின் பிற சபைகளும் ஏதேனும் ஒரு மேல்நாட்டுச் சங்கத்தின் வரலாற்றைத் தோளில் சுமப்பவையே. அந்நிய மதத்தார் என்னும் பழிச்சொல்லைக் கேட்டுப் பழகிய சமூகம், தன் தேசபக்தியை மெய்ப்பிக்க விரும்புகிறது. மெய்ப்பிக்க விரும்புகிறவன் புகழ்ந்து பாடுவான், குற்றத்தை எடுத்துரைக்க அஞ்சுவான். ஆகவே நம் தேசப் பாட்டுகள் யாவும் புகழ்ச்சிப் பாட்டுகளாகவே அமைந்துவிட்டன.

இந்நிலையில் ஒரு பாடகியின் வாழ்வையும் அவர் பாடிய ஒரு பாட்டையும் நாம் ஆராய முற்படுகிறோம். அவர் கிறிஸ்தவர் அல்லர். பாட்டை இயற்றியவரும் கிறிஸ்தவர் அல்லர். அதற்கு மெட்டமைத்தவர் மட்டுமே நம்மவர். எனினும் நாட்டை நேசிக்கும் குரல் ஒன்று கடவுளின்முன் எவ்வாறு நிற்கலாம் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டைத் தமிழகத்தின் அண்மை வரலாற்றில் நாம் காணவில்லை.

மதுரை சண்முகவடிவு சுப்புலட்சுமி 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் பிறந்தார். தாயார் வீணைக் கலைஞர். கோயிலையும் கலையையும் சார்ந்து வாழ்ந்த தேவதாசி மரபில் வந்த குடும்பம் அது. பத்து வயதளவிலேயே அவருடைய குரல் இசைத்தட்டில் ஏறியது. 1938இல் 'சேவாசதனம்' படத்தில் நடித்தார். 1940இல் தேசத் தொண்டரான தி. சதாசிவத்தை மணந்தார். இராஜாஜியின் அணுக்கத் தொண்டர்களுள் ஒருவரான சதாசிவமும் எழுத்தாளர் கல்கியும் சேர்ந்து தொடங்கிய 'கல்கி' இதழுக்கு முதலீடு வேண்டியபோது, 'சாவித்திரி' படத்தில் நாரதராக ஆண் வேடம் ஏற்று நடித்து அதன் ஊதியத்தைக் கொடுத்தவர் இவரே. 1945இல் தமிழிலும் பின்னர் இந்தியிலும் வந்த 'மீரா' அவரை நாடறியச் செய்தது. 1954இல் பத்மபூஷண், 1968இல் சங்கீத கலாநிதி, 1974இல் மகசேசே விருது, 1998இல் பாரத ரத்தினம். இறுதி இரண்டும் இசைக் கலைஞர்களுக்குள் அவருக்கே முதலில் வாய்த்தவை. சங்கீத கலாநிதி என்னும் பட்டம் ஒரு பெண்ணுக்கு அளிக்கப்பட்டதும் அதுவே முதன்முறை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் மறைந்தார். இவற்றை விரித்துரைத்தல் நம் நோக்கமன்று.

நாம் தங்கி நோக்கவேண்டியது அவருடைய தேசத் தொண்டின் தன்மையை. அவர் மேடையேறிச் சொற்பொழிவு ஆற்றியவர் அல்லர். சிறை சென்றவரும் அல்லர். 1944இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகக் கச்சேரிகள் செய்து பொருள் திரட்டிக் கொடுத்தார். பின்னரும் வாழ்நாள் முழுவதும் மருத்துவமனைகளுக்கும் கல்வி நிலையங்களுக்கும் அவ்வாறே பாடினார். 1947இல் காந்தியடிகள் மீராவின் 'ஹரி தும் ஹரோ' பஜனையை இவர் குரலில் கேட்க விரும்பினார். அப்பாட்டில் தமக்குப் பழக்கம் இல்லையென்று தயங்கியபோது, மற்றவர் பாடிக் கேட்பதைவிட இவர் அதை வாசித்தாலே போதும் என்னும் பொருள்பட மறுமொழி வந்ததாகச் சொல்வர். சென்னை வானொலி நிலையத்தில் இரவோடு இரவாக ஒலிப்பதிவு செய்து தில்லிக்கு அனுப்பினர். சில மாதங்களுக்குப்பின், 1948 ஜனவரி 30ஆம் நாள் மாலை, காந்தியடிகளின் மரணச் செய்தியைத் தொடர்ந்து வானொலி ஒலிபரப்பியதும் அதே பாட்டே. வீட்டில் அதைக் கேட்ட பாடகி மயங்கி வீழ்ந்தார் என்பது அவருடைய வரலாற்றை எழுதிய பலரும் கூறும் செய்தி. மக்களின் துன்பத்தை நீக்க வேண்டும் என்று இறைவனை நோக்கி இரங்கி வேண்டும் பாட்டு அது. ஒரு தேசத்தின் பெருந்துக்க நாளில் அதன் வாயில் அமைந்த சொற்கள், வெற்றி முழக்கமாக இல்லாமல் மன்றாட்டாக இருந்தன.

இனி நம் பகுதிக்குத் திரும்புவோம். ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இராஜாஜி பிறந்தார். அவ்வீடு இன்று நினைவில்லமாகப் பேணப்படுகிறது. மைசூர்ப் போர்களில் படைகள் மாறிமாறிக் கடந்துபோன நிலம் இது. ஓசூரிலும் பெங்களூரிலும் பயின்று, சேலத்தில் வழக்குரைஞராகித் தேசத் தலைவரான அவருடைய அரசியலைப்பற்றி வாசகருக்குப் பலவகை அபிப்பிராயங்கள் இருக்கலாம். நமக்கும் உண்டு. 1953இன் கல்வித் திட்டத்தை நாம் போற்றவியலாது. ஆனால் அணு ஆயுதத்தைக் குறித்து அவர் கொண்டிருந்த உறுதியை மறுப்பார் இலர். 1962ஆம் ஆண்டு, தம் எண்பத்து மூன்றாம் வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவுக்குத் தலைமை ஏற்று அமெரிக்கா சென்று, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தும்படி குடியரசுத் தலைவர் கென்னடியிடம் நேரில் வாதாடினார். அவர் திரும்பிய சில வாரங்களுக்குள் சீனப் போர் மூண்டது. 1964இல் சீனா அணுகுண்டைச் சோதித்தது. 1965இல் பாகிஸ்தானோடு போர் நிகழ்ந்தது. 1966 ஜனவரியில் தாஷ்கண்டு உடன்படிக்கையும், அடுத்த நாள் விடியுமுன் லால் பகதூர் சாஸ்திரியின் மரணமும் நேர்ந்தன. இத்தனைக்கும் பின்னரே நாம் ஆராயும் பாட்டு பிறந்தது என்பதை மறத்தல் ஆகாது.

1966 அக்டோபரில், ஐக்கிய நாடுகள் தினத்தையொட்டி நியூயார்க்கில் உள்ள பொதுச்சபை மண்டபத்தில் சுப்புலட்சுமி பாடினார். தென்னிந்திய இசைக் கச்சேரியின் வழக்கமான உருப்படிகளோடு அந்நிகழ்ச்சிக்கென்றே இயற்றப்பட்ட இரண்டு பாட்டுகளும் அங்கே இசைக்கப்பட்டன. ஒன்று, காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதி வடமொழியில் இயற்றி, வசந்த தேசாய் மெட்டமைத்த 'மைத்ரீம் பஜத'. மற்றொன்று, இராஜாஜி ஆங்கிலத்தில் எழுதிய ஜெபப் பாட்டு. முன்னது இன்று பள்ளிக் குழந்தைகளும் அறிந்த பாட்டாகிவிட்டது. பின்னது ஏறத்தாழ மறக்கப்பட்டுவிட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடைத்து.

வடமொழிப் பாட்டு நல்லுரை. நட்பைப் பேணுமாறும், பிறரைத் தன்னைப்போல் காணுமாறும், போரையும் போட்டியையும் கைவிடுமாறும் அது கேட்போருக்குக் கூறுகிறது. அதன் முகம் மனிதரை நோக்கியது. பாடுபவர் அறிந்தவராக நின்று அறியாதாருக்குச் சொல்லுகிறார். இராஜாஜியின் பாட்டோ கடவுளை நோக்கித் திரும்புகிறது. ஒரே கூரையின் கீழ்க் கூடிய நாடுகளின் பெயரால், ஆண்டவர் எங்கள் பாவங்களை மன்னிப்பாராக என்ற வேண்டுதலே அதன் உயிர்நாடி. போரும் பகையும் மனிதர் மனத்தினின்று அகலவேண்டும் என்னும் விண்ணப்பம் அந்த மன்னிப்பைச் சார்ந்தே வருகிறது. மன்னிப்பு முன்னே, சமாதானம் பின்னே. இவ்வரிசை நமக்குப் பழக்கமானதன்றோ?

இதைக்கொண்டு இராஜாஜியைக் கிறிஸ்தவராக்க முயலுதல் கூடாது. கீதையையும் உபநிடதங்களையும் தமிழ் மக்களுக்கு எடுத்துரைத்தவர் அவர். தம் சமயத்தில் உறுதியாக நின்றவர். 'குறையொன்றும் இல்லை' பாட்டை இதே பாடகிக்கு அளித்தவரும் அவரே. பெரியவர் ஒருவர் நல்ல சொல் ஒன்றைக் கூறிவிட்டால் உடனே அவரை 'மறைவான கிறிஸ்தவர்' பட்டியலில் சேர்த்துவிடும் வழக்கம் நம் பிரசங்கங்களில் உண்டு. அது அயலாருடைய பொருளைக் கவர்வதற்கு ஒப்பாகும். ஆயினும், ஒரு கூட்டம் தன் பாவத்தைப் பன்மையில் அறிக்கையிடும் ஆங்கில வழிபாட்டு நடை அவர் காதுக்கு அந்நியமாக இருந்திராது என்று நாம் ஊகிக்கலாம்.

திருமறையில் இந்தப் பன்மைக்கு ஆழ்ந்த வேர் உண்டு. தானியேல் 9ஆம் அதிகாரத்தின் விண்ணப்பத்தைப் பாருங்கள். அரசர்களும் பிரபுக்களும் செய்த குற்றங்களில் தானியேலுக்குப் பங்கில்லை. எனினும் அவர்கள் பாவஞ்செய்தார்கள் என்று அவன் சொல்லவில்லை. தன்னையும் சேர்த்துக்கொண்டே ஜெபிக்கிறான். நெகேமியாவின் முதல் அதிகாரமும் அவ்வாறே. ஆமோஸ் அண்டை நாடுகளின் போர்க்கொடுமைகளை ஒவ்வொன்றாக எண்ணி, கேட்போர் மகிழ்ந்து தலையசைக்கும் வேளையில் யூதாவின்மேலும் இஸ்ரவேலின்மேலும் திரும்புகிறான். ஐக்கிய நாடுகள் சபையில் ஒவ்வொரு நாடும் பேசுவது மற்ற நாட்டின் குற்றத்தையே. அதே மண்டபத்தில், முந்திய ஆண்டு போரிட்ட ஒரு நாட்டின் மகள், எதிரியின் பாவத்தைச் சொல்லாமல் 'நம்' பாவம் என்று பாடினாள். இப்பாட்டின் பெருமை முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருப்பதாக நாம் கருதுகிறோம்.

இப்பாட்டுக்கு மெட்டமைத்துப் பாடகிக்குக் கற்பித்தவர், சென்னையின் மேலை இசைக் கலைஞரும் பாடகர் குழு நடத்துநருமான ஹாண்டல் மானுவேல். 'மேசியா'வை இயற்றிய இசைமேதையின் பெயரைத் தாங்கிய தமிழ்க் கிறிஸ்தவர். சங்கராச்சாரியாரின் பாட்டும் இராஜாஜியின் பாட்டும் பேசப்படும் இடங்களில்கூட இவர் பெயர் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது. நம் இறையியல் கல்லூரிகளின் இசை வகுப்புகளிலேனும் இவர் பணியைக் கற்பிக்கலாம். ஞானப்பாட்டு மெட்டின் எளிமையை ஒரு மாபெரும் கருநாடக இசைக் கலைஞரின் வாயில் இவர் வைத்தார். இசைத்தட்டில் அதைக் கேட்கும்போது ஒன்று புலனாகிறது. கமகமும் பிருகாவும் கைவந்த குரல், அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு நேர்ச்சுரங்களில் நடக்கிறது. ஆங்கில உச்சரிப்பில் சிறிது கூச்சமும் தெரிகிறது. சுரம் தப்பாது, ஆனால் மொழி அவருடையது அன்று. இசை விமர்சகர் இதைக் குறையென்பர். நமக்கோ, பாவ அறிக்கைக்கு உரிய குரல் இதுவே எனத் தோன்றுகிறது. வித்தை காட்டி மன்னிப்புக் கேட்க இயலுமோ?

இதுவரை புகழ்ந்தோம். இனித் தடைகளையும் கூறவேண்டும்.

முதலாவது, பாடியவர் யார் என்னும் கேள்வி. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியது. அம்மரபின் பெண்களுடைய கலையைச் சமூகம் எடுத்துக்கொண்டது, பெண்களையோ இழிவோடு விலக்கியது. சுப்புலட்சுமி தப்பினார். ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை சிறியதன்று. பிராமணக் குடும்பப் பெண்ணின் உடை, நடை, பேச்சு ஆகியவற்றை முற்றாக ஏற்று, தம் தொடக்கத்தைக் குறித்துப் பெரும்பாலும் மௌனமாக வாழ்ந்தார். டி. ஜே. எஸ். ஜார்ஜ் 2004இல் வெளியிட்ட வரலாற்று நூலும், 2015இல் பாடகர் டி. எம். கிருஷ்ணா எழுதிய கட்டுரையும் இதை வெளிப்படையாகப் பேசின. அப்படியானால், 'நம் பாவங்கள்' என்று பாடியவர் உண்மையில் பாவத்துக்கு உள்ளானவர்களின் வரிசையில் பிறந்தவர். 1980இல் மெல்பர்னில் கூடிய உலக அருட்பணி மாநாட்டில் ரேமண்டு பங் என்பார், மனிதர் பாவிகள் மட்டுமல்லர், பாவத்துக்கு இலக்கானவர்களும் ஆவர் என்று வற்புறுத்தியதை வாசகர் அறிவர். குற்றம் செய்தவரையும் குற்றத்துக்கு இலக்கானவரையும் ஒரே 'நாம்' என்னும் சொல்லுக்குள் அடக்கினால், செய்தவர் எளிதாக ஒளிந்துகொள்வார். இராஜாஜியின் பாட்டு நாடுகளின் பாவத்தைச் சொல்லுகிறது, நாட்டுக்குள் நடக்கும் பாவத்தைச் சொல்லவில்லை. சேரியும் தெருவும் வேறாக இருக்கும் ஊரிலிருந்து வந்த பாட்டு அது. இக்குறையை நாம் மறைக்க விரும்பவில்லை.

எனினும் இத்தடைக்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்கக் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு, 1939இல் வாஷிங்டன் நகரின் அரசியலமைப்பு மண்டபத்தில் பாட நிறத்தின் காரணமாக இடம் மறுக்கப்பட்டது. அவ்வாண்டு உயிர்த்தெழுந்த திருநாளன்று அவர் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று, திரண்டிருந்த 75,000 பேர்முன் முதலில் தேசப் பாட்டையும் இறுதியில் தம் அடிமை முன்னோரின் ஆன்மிகப் பாட்டுகளையும் பாடினார். தேசப் பாட்டில் 'நான்' என வரும் இடத்தில் 'நாம்' என்று மாற்றிப் பாடினார். இங்கே ஒடுக்கப்பட்டவரின் வாயில் வந்த 'நாம்', ஒடுக்கியவரை மறைக்கும் திரையாக இல்லை. எங்களை நீக்கிவிட்டு உங்களுக்கு ஒரு தேசம் இல்லை என்னும் உரிமைக் குரலாக அது நின்றது. 1957இல் இவர் இந்தியா வந்தபோது தில்லியில் காந்தியடிகளின் நினைவிடத்தில் அவருக்கு விருப்பமான ஆங்கில ஞானப்பாட்டைப் பாடினார். மதுரையில் பிறந்த பாடகி அவ்வளவு வெளிப்படையாகப் பாடவில்லை. பாட அவரை விட்டிருக்கவும் மாட்டார்கள். ஆயினும் ஐக்கிய நாடுகள் மண்டபத்தில் அந்தச் சொல்லை அவர் வாயினின்று கேட்கும்போது, அதனுள் இவ்வுரிமையும் ஒலிக்கிறது என்று கேட்பது தவறாகாது.

இரண்டாவது தடை இசையைப்பற்றியது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த ஜேம்ஸ் தியாபிலஸ் அப்பாவு, கருநாடக இசைக் கீர்த்தனைகளும் மேலைப் பாமாலைகளும் எளிய மக்களின் வாயில் அடங்குவதில்லை என்றும், மக்கள் தாமே மாற்றியும் சேர்த்தும் பாடவல்ல நாட்டுப்புற இசையே விடுதலையின் இசை என்றும் வாதிட்டார். அவ்வளவுகோலால் அளந்தால், ஆங்கிலச் சொற்களும் மேலை மெட்டும் பேரிசைக் கலைஞரின் குரலும் கூடிய இப்பாட்டு நம் கிராமச் சபைகளுக்கு மும்மடங்கு தூரமானது. இதனை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தூரத்தில் இருப்பது பாட்டின் உடையே. மன்னிப்பை வேண்டும் நாட்டுப் பாட்டு என்னும் கருத்தைப் பறையோடும் தாளத்தோடும் கும்மியாகவும் பாடலாம். அப்பாவு இருந்திருந்தால் ஒருவேளை இதற்கு உடன்பட்டிருப்பார். அல்லது நம்மோடு நன்றாகச் சண்டையிட்டிருப்பார்.

கிறிஸ்தவத் தேசபக்திக்கு நம் அண்டையிலேயே முன்மாதிரி உண்டு என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே திருப்பத்தூரில், 1921இல் சவரிராயன் ஏசுதாசனும் ஏர்னஸ்டு பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவிக் கதர் உடுத்தி வாழ்ந்தனர். ஸ்காட்லாந்தினரான பேட்டன் அக்கதருக்காக 1932இல் சென்னைத் தெருவில் காவலரிடம் அடிபட்டார். ஆள்கிற நாட்டின் பாவத்தை அந்நாட்டு மகனே தன் உடலில் ஏற்ற நிகழ்ச்சி அது.

இப்போது இக்கேள்வி நம்மை நெருங்கி வந்துவிட்டது. 2019இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களுள் ஓசூரும் ஒன்று. தொரப்பள்ளி இருக்கும் அதே வட்டாரத்தில், போர்க்கருவிகளின் உறுப்புகள் செய்யப்படும் தொழிற்கூடங்களில் நம் சபையார் வேலை செய்கின்றனர், இனி இன்னும் பலர் செய்வர். அவர்களுக்கு அது சோறு. அவர்களைக் குற்றவாளிகளாக்கிப் பிரசங்கம் செய்யும் உரிமை, அவர்களுடைய காணிக்கையால் வாழும் நமக்கு இல்லை. அதேவேளையில் தொழிற்சாலைக் கருவிகளுக்கு ஆயுத பூசையன்று பொட்டு வைப்பதைக் கண்டிக்கத் துணியும் நாம், அக்கருவிகள் எதைச் செய்கின்றன என்பதைப்பற்றி வாய் திறவாதிருப்பதும் நேர்மையன்று. சுப்புலட்சுமிக்குப் பாரத ரத்தினம் அளிக்கப்பட்ட 1998ஆம் ஆண்டில், மே மாதத்தில், பொக்ரானில் அணுகுண்டுகள் வெடிக்கப்பட்டன. இராஜாஜியின் பாட்டை அன்று நினைத்தவர் மிகச் சிலராகவே இருந்திருக்கக்கூடும். கிறிஸ்தவ மேடைகளிலும் வாழ்த்துரைகள் ஒலித்தன.

ஆகவே வரும் ஆகஸ்டு ஞாயிறுக்கு ஒரு முறையை முன்வைக்கிறோம். கொடியேற்றமும் நாட்டுப்பண்ணும் இருந்தபடியே இருக்கட்டும். அவற்றுக்கு முன்பாக, தானியேல் 9ஆம் அதிகாரத்தை ஒருவர் வாசிக்க, சபையார் நாட்டின் பாவங்களைப் பெயர் சொல்லி அறிக்கையிடட்டும். சாதி, விடுதிகளில் பெண் தொழிலாளர் படும் இடர், ஒப்பந்தக் கூலி, எல்லைக்கு இருபுறமும் தண்ணீருக்காக எழும் பகை, ஆயுதப் பெருமை எனப் பொதுவாக இல்லாமல் தனித்தனியாகச் சொல்லப்பட வேண்டும். இராஜாஜியின் பாட்டில் விடுபட்ட இடம் அங்கே நிரம்பும். அதன்பின் பாட வேண்டிய பாட்டைத்தான் இனி எழுதவேண்டும். ஆங்கிலப் பாட்டை மொழிபெயர்த்தால் அது நம் வாயில் நில்லாது. தமிழில் ஒன்றும் கன்னடத்தில் ஒன்றும் தெலுங்கில் ஒன்றும், ஒரே மெட்டில், மூன்று மொழியாரும் ஒருவர் பல்லவியை மற்றவர் ஏற்கும்படி அமைதல் நலம். ஓசூர்ச் சபைகளில் மூன்று மொழியும் அறிந்த பாடகர்களுக்குக் குறைவில்லை. இசையறிந்த மாணாக்கர் எவரேனும் முன்வந்து எழுதி அனுப்பினால் இவ்விதழில் வெளியிட்டு ஆராயலாம். மெட்டு மட்டும் எளிதாக இருக்கட்டும், இரவு முறை முடித்து வந்தவரும் பாட வேண்டுமே.